வேர்முடிச்சு எண்ணிய பாக்கியலட்சுமி அம்மையார்

மலாயா சுதந்திரம் அடைவதற்குக் காரணமாக இருந்தவர்களின் பட்டியலில் பாக்கியலட்சுமி அம்மையாரின் பெயர் இல்லை. அதில் தவறொன்றும் இல்லை. அவர் அதற்காக எதுவும் செய்யவில்லை. அந்த ஆண்டுகளில் அவர் மலாக்கா நகரத்தின் காஜா பெராங்கில், ஒரு சோதனைத் தோட்டத்தின் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, வெண்டைச் செடியின் வேரில் இருக்கும் முடிச்சுகளை எண்ணிக்கொண்டிருந்தார். நாட்டுக்கு அதுவும் தேவைப்பட்டது. ஏன் தேவைப்பட்டது என்று சொல்ல, ஒரு புழுவில் இருந்து தொடங்க வேண்டும்.

அந்தப் புழுவுக்கு நூற்புழு என்று பெயர். வெறும் கண்ணுக்குத் தெரியாது. மண்ணில் இருந்து வேருக்குள் நுழைந்து, உள்ளேயே உட்கார்ந்து சாப்பிடும். வேரும் மரியாதை தெரிந்தது. விருந்தாளிக்கு ஓர் அறை கட்டிக் கொடுக்கும். அதுதான் வெளியே முடிச்சாகத் தெரிகிறது. முடிச்சு விழுந்த செடி நின்ற இடத்திலேயே வெளுத்து, வாடி, காய்க்காமல் முடியும். மலாக்காவைச் சுற்றிக் காய்கறி போட்டவர்கள் "மண்ணு கெட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த நிலத்துக்குப் போவார்கள். மண்வெட்டியில் ஒட்டிய மண்ணோடு புழுவும் கூடவே போகும்.

1956-ஆம் ஆண்டு, லண்டனில் இருந்த ஒரு கம்பெனி சிவப்புப் பொடி ஒன்றை அனுப்பி வைத்தது. பூசணத்தைக் கொல்லும் பொடி. விதையில் புரட்டி விதைத்தால் முளை அழுகாமல் வரும். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் பூசணத்துக்கு மட்டும் என்றால் எவ்வளவுதான் விற்பது? புழுவையும் கொல்லுமா என்று பார்த்துச் சொல்லும்படி கம்பெனி கடிதம் எழுதியது. பூசணமும் புழுவும் உறவு என்றால் காளானும் பாம்பும் உறவுதான். ஆனாலும் நோய்க்கு மருந்து தேடுவது சாதாரண மக்கள் செய்வது. மருந்துக்கு நோய் தேடுவதற்குத்தான் கம்பெனி, கப்பல், கடிதம் எல்லாம் வேண்டும்.

தோட்டம் எந்த இலாகாவைச் சேர்ந்தது என்று இங்கே எழுதவில்லை. அது இன்னும் சிலருக்குப் பென்ஷன் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பொறுப்பில் இருந்தவர் விட்லி துரை. நாடு கைமாறப் போவது தெரிந்து பாதிப் பெட்டியைக் கட்டி வைத்திருந்தார். மீதிப் பெட்டியில் ஓர் அறிக்கையை எழுதி வைத்துக்கொண்டு கப்பல் ஏற வேண்டும் என்பது அவர் ஆசை. அவருக்கு அடுத்தவர் உதவியாளர் கருணாகரன். துரையின் நாற்காலி காலியாகப் போகிறது என்ற செய்தியை முதலில் அறிந்தவரும், அந்த நாற்காலியின் ஒரு கால் ஆடுவதைத் தம் கைப்பணத்தில் சரிசெய்தவரும் அவரே.

பாக்கியலட்சுமி அம்மையாருக்கு அப்போது நாற்பது வயது. அவருடைய கணவர் 1950-இல், தாயாரைப் பார்த்துவிட்டு வருவதாக நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறியவர். கப்பல் பல முறை திரும்பி வந்தது. அம்மையார் காஜா பெராங்கில், பல தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன ஒரு செட்டி வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தார். வீட்டுக்காரப் பெண்மணி அம்மனை வணங்குவார். ஆனால் பேச்சு முழுவதும் மலாய். வாடகையும் வரமும் இருவருக்கும் புரிந்ததால் மொழிச் சிக்கல் எழவில்லை.

ஒன்பது வருடமாக அம்மையார் தோட்டத்தில் நாள்கூலி. சாயங்காலம், கூலிகளை மேய்க்கும் மண்டோர் நடராஜன் வரிசையாக நிற்பவர்களைப் பார்த்து "நாளைக்கு வா" என்பார். அந்த இரண்டு சொல் கிடைத்தால்தான் மறுநாள் வேலை. ஒன்பது வருடம் ஒவ்வொரு சாயங்காலமும் அந்த இரண்டு சொல்லுக்காக நின்றவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: நிரந்தர வேலை. காய்ச்சல் வந்தால் சம்பளம் போகாத வேலை. கிழவியானால் பென்ஷன் வரும் வேலை. மண்டோர் முகத்தைப் பார்க்க வேண்டாத வேலை.

அதற்கு அவரிடம் ஒரு தகுதி இருந்தது. அவர் எண்ணினால் தப்பாது. வேரை வாளித் தண்ணீரில் அலசி, பீங்கான் தட்டில் விரித்து, கோணி ஊசியால் ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டு எண்ணுவார். பத்துக்கு ஒரு புளியங்கொட்டை. ஒரு தடவை விட்லி துரை, முதல் நாள் எண்ணிய வேர் ஒன்றை அம்மையாருக்குத் தெரியாமல் மறுநாள் வேர்களோடு கலந்து வைத்தார். இருநூற்றுப் பதினாலு என்று முதல் நாள் வந்தது. மறுநாளும் இருநூற்றுப் பதினாலு. அன்று முதல் வேர் எண்ணும் வேலை முழுக்க அவருக்கே வந்தது. அதற்கான கூடுதல் கூலி மட்டும் வரவில்லை.

பொடி வந்த அன்று பெண்கள் டப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். டப்பாவின் மேல் மண்டை ஓடும் இரண்டு எலும்பும் போட்டிருந்தது.

"யாருக்கா இது?" என்று கேட்டாள் கூட வேலை செய்த பூங்காவனம்.

"வெள்ளைக்காரங்க சாமியா இருக்கும்" என்றார் அம்மையார்.

"பொடி நல்ல செவப்பா இருக்கே. நெத்தியில வெச்சுக்கலாமா?"

"உன் புருசனுக்குக் காப்பியில கலக்கிக் குடு. வெளயாட்டா இருக்கு இவளுக்கு!"

அன்று முதல் அந்தப் பொடிக்குத் தோட்டத்தில் குங்குமம் என்று பெயர். வெறும் கையால்தான் புரட்டினார்கள். கையுறை அறிக்கையில் இருந்தது.

சோதனைக்குப் பதினாறு பாத்திகள். எட்டில் பொடி புரட்டிய விதை, எட்டில் வெறும் விதை. எந்த எட்டு என்பதை மனித விருப்பத்துக்கு விடாமல் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும் என்று துரை எழுதிக் கொடுத்திருந்தார். கருணாகரன் அப்படியே செய்தார். பால் டின்னில் பதினாறு சீட்டுகளைப் போட்டு மண்டோரை எடுக்கச் சொன்னார். முதலில் வந்தது பதினாறு.

"கக்கூஸ் பக்கம் இருக்கே, அந்தப் பாத்தியா?" என்றார் கருணாகரன்.

"அதேதான் ஐயா."

"லண்டன்ல இருந்து கப்பல் ஏறி வந்த சாமானை அங்கயா போடறது? திரும்பக் குலுக்கு நடராஜா."

அடுத்தது பதினைந்து. அதுவும் அதே பக்கம். மூன்றாவது பதின்மூன்று. கருணாகரன் டின்னை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். "சீட்டுக்கு என்ன தெரியும்? நல்ல காரியத்தை ஈசானி மூலையில ஆரம்பிக்கணும்னு என்கிட்ட எவனும் சொல்லித்தர வேணாம்." வடகிழக்கில் இருந்த ஒன்று முதல் எட்டு வரையான பாத்திகள் பொடிக்கு ஒதுக்கப்பட்டன. வெறும் விதை கக்கூஸ் பக்கம் போயிற்று. அறிக்கையில் "சீட்டுக் குலுக்கப்பட்டது" என்று எழுதினார். குலுக்கியது உண்மை.

அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அதற்கு முந்தைய நாலு மாதம் பாத்திகள் சும்மா கிடந்தன. சும்மா கிடக்கும் மண்ணைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அம்மையாரால் முடியவில்லை. அவர் செண்டுப்பூ நாற்று வாங்கி நட்டார். வெள்ளிக்கிழமை கோவிலுக்கு மாலை, செட்டி வீட்டுப் பூஜைக்குச் சரம், மிச்சம் தெரிந்தவர்களுக்கு. அம்மனுக்குப் போகிற பூ கக்கூஸ் பக்கம் வளரலாமா? வளரக்கூடாது. ஆகையால் அவரும் ஈசானி மூலையில்தான் நட்டார். ஒன்று முதல் எட்டு வரை. மற்ற ஏழையும் நட்டுவிட்டுக் கடைசியில் வந்த ஐந்தாம் பாத்தி, நாற்று போதாமல் பாதியில் நின்றது. பின்னால் கைக்குக் கிடைத்த சில நாற்றை, தண்ணீர் ஊற்றப் பக்கம் என்று, ஒன்பதாம் பாத்தியின் ஓர் ஓரத்தில் செருகி வைத்தார். வெண்டை விதைக்கும் நேரம் வந்ததும் பூச்செடிகளைப் பிடுங்கி அதே மண்ணில் மடக்கிக் கொத்திவிட்டார்.

ஆக, ஒருவர் பொடிக்கும் ஒருவர் பூவுக்கும் என்று, ஒருவரை ஒருவர் கேட்காமல், ஒரே மூலையைத் தேர்ந்தெடுத்தார்கள். விஞ்ஞானத்தை இப்படிக் கவிழ்க்க வேறு எந்த ஊர்க்காரனாலும் முடியாது.

1957 ஜனவரியில் செடிகளைப் பிடுங்கி எண்ணினார்கள். வெறும் விதை போட்ட பாத்திகளில் செடிக்கு நூற்று எண்பது, இருநூறு முடிச்சு. பொடி போட்ட பாத்திகளில் ஐந்து, எட்டு, பதினொன்று. கருணாகரன் எண்ணிக்கையை எழுத எழுத அவர் பேனா குதித்தது. விட்லி துரை கொட்டகைக்கே வந்து, "வெரி குட், பாக்கியம்" என்றார். புழுவைக் கொன்றவரே பாக்கியம் என்பது போல் சொன்னார். அது எவ்வளவு சரி என்று அவருக்கே தெரியாது.

ஐந்தாம் பாத்தி வந்தபோது அம்மையாரின் ஊசி நின்றது. கிழக்குப் பாதிச் செடிகளில் ஆறு முடிச்சு, ஏழு முடிச்சு. மேற்குப் பாதியில் நூற்றுத் தொண்ணூறு. ஒரே பாத்தி, ஒரே விதை, ஒரே பொடி. நடுவில் கோடு கிழித்தது போல் மாறியது. அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். நாற்று தீர்ந்துபோன இடம். ஒன்பதாம் பாத்தியில் பொடியே கிடையாது. ஆனால் பூ செருகிய ஓரத்து மூன்று செடிகளின் வேர், கழுவி வைத்த நூல் மாதிரி இருந்தது.

கருணாகரன் ஐந்தாம் பாத்தியின் இரண்டு பாதிகளையும் கூட்டி வகுத்தார். சராசரி என்று ஒன்று இருக்கிறது. சங்கடமான எதையும் அது விழுங்கிவிடும்.

ஒரு வாரம் அம்மையார் மிச்ச வேர்களை எண்ணினார். பிறகு, எல்லோரும் சாப்பிடப் போன மத்தியானம், கருணாகரன் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, ஒண்ணு சொல்லணும். அந்த எட்டுப் பாத்தியில முன்னாடி நான் செண்டுப்பூ போட்டிருந்தேன்."

"யாரைக் கேட்டுப் போட்டே? கவர்மெண்டு நெலம் இது."

"மண்டோர்கிட்ட சொன்னேன். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ரெண்டு முழம் அவருக்கு." சற்று நிறுத்தினார். "உங்க வீட்டு அம்மாவுக்கும் மூணு முழம் குடுத்தனுப்பினேன் ஐயா."

கருணாகரன் இருமினார். "சரி. அதுக்கு இப்ப என்ன?"

"புழு செத்தது பொடியால இல்லீங்க. பூவால."

"பூவுல மருந்து இருக்குனு எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு?"

"புத்தகம் எனக்கு என்ன தெரியும்? அஞ்சாம் பாத்தியை வந்து பாருங்க."

கருணாகரன் வந்தார். நாற்று தீர்ந்துபோன இடத்தைக் காட்டினார் அம்மையார். ஒன்பதாம் பாத்தியின் ஓரத்தையும் காட்டினார். கருணாகரன் குந்தி உட்கார்ந்து, தட்டில் இருந்த வேர்களை இரண்டு கையிலும் எடுத்து மாற்றி மாற்றிப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. முட்டாளாக இருந்திருந்தால் இந்த வரலாறு இங்கேயே நல்லபடியாக முடிந்திருக்கும். அவருக்கு முழுக்கப் புரிந்துவிட்டது.

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "பாக்கியம், நெரந்தரமாக்கற ஆளுங்க பட்டியல் போகப்போகுது. ஒரு பொம்பள பேரு போடலாம்னு துரை சொல்லியிருக்கார். உன் பேரைத்தான் போட்டிருக்கேன்."

அம்மையார் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"பென்சில்ல" என்றார் கருணாகரன்.

பிறகு மிகவும் பொறுமையாக விளக்கினார். பூ இருந்தது என்றால், அரசாங்க நிலத்தில் அனுமதியில்லாமல் பயிர் செய்த ஓர் ஆள் இருக்கிறார். அந்த ஆளை நிரந்தரமாக்க முடியாது. நாளைக்கு வா என்றுகூடச் சொல்ல முடியாது. பூ இல்லை என்றால் அப்படி ஓர் ஆளும் இல்லை. "எது நடந்துச்சுனு நீயே சொல்லு. நான் குறுக்க பேச மாட்டேன்."

"வேர் எண்ணிக்கை நான் எண்ணின மாதிரியே போடுவீங்களா?"

"சத்தியமா ஒண்ணுகூட மாத்த மாட்டேன்."

அவர் வாக்குத் தவறவில்லை. அந்த அறிக்கையில் உள்ள எண் ஒவ்வொன்றும் உண்மையானது. அதோடு இணைத்த ஒரு தாளில் மட்டும், "சோதனைக்கு முன் நாலு மாதம் எல்லாப் பாத்திகளும் தரிசாகக் கிடந்தன" என்று எழுதியிருந்தது. கீழே மண்டோர் நடராஜனின் கையெழுத்து. அதற்குக் கீழே, ஒவ்வொரு எழுத்தாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்ட தமிழ்க் கையெழுத்து: பாக்கியலட்சுமி.

விட்லி துரை மே மாதம் அறிக்கையோடு கப்பல் ஏறினார். ஆகஸ்டில் மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்தது. செப்டம்பரில் கருணாகரன் நாற்காலியில் உட்கார்ந்தார், அம்மையாருக்கும் கடிதம் வந்தது. ஒரு வருடம் பார்த்துவிட்டு உறுதி செய்வோம் என்று அதில் இருந்தது. நாடும் அதே நிலையில்தான் இருந்தது என்பதால் யாரும் குறை சொல்லவில்லை.

கடிதத்தை அவருக்குப் படித்துச் சொன்னவர் தங்கை சந்திரமதியின் கணவர் கலியாணசுந்தரம். மலாக்காவுக்கு வெளியே புக்கிட் ரம்பாயில் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டவர். நல்ல மனிதர், ஆனால் வாய் மூடாது. காலையில் அவரிடம் சொன்ன ரகசியம், மத்தியானம் பஸ் கண்டக்டரிடம் இருக்கும். சாயங்காலம் பசார் முழுவதும் இருக்கும்.

அடுத்த வருடம் இலாகா அந்தப் பொடியைக் காய்கறி போடுகிறவர்களுக்கெல்லாம் சிபாரிசு செய்தது. கலியாணசுந்தரம் சந்திரமதியோடு வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, குங்குமப் பொடின்றாங்களே, நீங்கதான சோதிச்சீங்க?"

"நான் எங்க சோதிச்சேன் தம்பி? எண்ணினேன்."

"எண்ணினது நெசம்தான?"

"எண்ணினது நெசம்."

"அப்பொறம் என்ன! ரெண்டு ஏக்கருக்கும் வெண்டைதான் சந்திரா. அக்கா எண்ணினா அது எழுதி வெச்ச மாதிரி."

அம்மையார் வாயைத் திறந்தார். உறுதிக் கடிதம் வர இன்னும் ஏழு மாதம் இருந்தது. இவரிடம் சொன்னால் புக்கிட் ரம்பாய்க்கே சொன்ன மாதிரி. புக்கிட் ரம்பாய்க்குச் சொன்னால் கருணாகரனுக்குச் சொன்ன மாதிரி. "காப்பி போடறேன்" என்று எழுந்துபோனார்.

பொடி தன் கடமையைச் சரியாகச் செய்தது. கலியாணசுந்தரத்தின் விதை ஒன்றுகூட அழுகவில்லை. அந்த வட்டாரத்திலேயே இவ்வளவு அடர்த்தியாக வெண்டை முளைத்ததில்லை என்று வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு ஏக்கர் நிறைய இளம் வேர். புழுவுக்கு இதைவிடப் பெரிய பந்தி யாரும் போட்டதில்லை. நாற்பதாம் நாள் செடி வெளுத்தது. ஐம்பதாம் நாள் சாய்ந்தது.

கலியாணசுந்தரம் ஒரு சாக்கு நிறைய வேரைக் கொண்டுவந்து அம்மையார் அறையின் சிமெண்டுத் தரையில் கொட்டினார். சந்திரமதி வாசலிலேயே நின்றாள்.

"எண்ணுங்க அக்கா."

அம்மையார் தொடவில்லை. "தம்பி, நான் சொல்றதைக் கேளுங்க. நெலத்தை விட்டுடாதீங்க. நாலு மாசம் செண்டுப்பூ போடுங்க. பூத்ததும் புடுங்கி அதே மண்ணுல கொத்தி விடுங்க. மண்ணு சுத்தமாயிடும்."

"பூவா?"

"பூதான். அந்த எட்டுப் பாத்தியில புழு இல்லாம போனது அதாலதான். பொடியால இல்ல."

கலியாணசுந்தரம் கொட்டிய வேர்களின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "இது எப்பக்கா தெரியும் உங்களுக்கு?"

"அப்பவே."

"எப்பவே?"

"வேர் எண்ணினப்பவே."

"நான் வந்து கேட்டப்ப தெரியும்."

"தெரியும்."

"நெசம்னா, தெரிஞ்சே என்னை வெதைக்க விட்டீங்க. பொய்யின்னா, இப்ப எதுக்கு பூவு பூவுங்கறீங்க? எதை நான் நம்பணும், நீங்களே சொல்லுங்க. உங்க இலாகா கடுதாசியில ரெண்டாவது கையெழுத்து உங்களுதுதானே? அதைக் காட்டித்தான மண்டோர் எல்லாருக்கும் பொடி விக்கிறான்."

"கையெழுத்துப் போடலன்னா வேலை போயிருக்கும் தம்பி."

"இப்ப என் வேலை போயிருச்சு" என்றார் கலியாணசுந்தரம். கத்தாமல் சொன்னார்.

"எழுந்திரிங்க, பஸ் போயிடும்" என்றாள் சந்திரமதி. அக்காவைப் பார்க்காமல் சொன்னாள்.

பூ போட யாரும் முன்வரவில்லை. அதைச் சொன்னவர் பொடிக்குக் கையெழுத்துப் போட்டவர் அல்லவா? குத்தகை நிலம் கைமாறியது. கலியாணசுந்தரம் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்க ஏற்பாடு செய்துகொண்டார். திங்கட்கிழமை காலை ஏழரை மணிப் பஸ்ஸில் சந்திரமதியும் கூடப் போகிறாள். செய்தியை அம்மையாருக்குச் சொன்னது பூங்காவனம்தான்.

அம்மையார் கருணாகரனிடம் போய் ஒரு நாள் லீவு கேட்டார்.

"காரணம் என்னனு எழுத?"

"தங்கச்சி ஊரை விட்டுப் போறா ஐயா. பஸ் ஏத்தி விட்டுட்டு வந்துடறேன்."

கருணாகரன் விதிப் புத்தகத்தை உண்மையாகவே திறந்து பார்த்தார். "தங்கச்சி செத்தா லீவு இருக்கு பாக்கியம். போறதுக்கு இல்ல. அதுவும் மூணு நாளுக்கு முன்னாடி எழுதிக் குடுக்கணும். நீ இப்ப நாள்கூலி இல்ல பாரு. இன்னும் ரெண்டு மாசம் ஒழுங்கா இரு, உறுதிக் கடுதாசி வந்துடும்."

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அம்மையார் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டார். புக்கிட் ரம்பாயில் மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டிய விதை கொட்டகையில் மூட்டையாகக் கிடந்தது. டப்பாவைத் திறந்து பொடியைப் புரட்ட ஆரம்பித்தார். ஏழரை மணி அடித்தபோது முழங்கை வரை சிவந்திருந்தது. நாள்கூலியாக இருந்திருந்தால் அன்றைக்கு வராமல் இருந்திருக்கலாம். கேட்பதற்கு ஆள் இருந்திருக்காது.